நியூயோர்க் + வொஷிங்டன் 6 இரவு: அம்மாவோடும் 10 வயது மகனோடும் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

உப்புவெளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் லீவில நாலு பேர் அமெரிக்கா போறம்: நான், மனிசி, 10 வயது மகன், 68 வயது அம்மா. விசா வந்திட்டு. விமான டிக்கட் இன்னும் போடேல்ல. மொத்தம் 6 இரவு. ஆறையும் நியூயோர்க்கில நிண்டு, நடுவில ஒரு நாள் பஸ் டூரில வொஷிங்டன் போய் வரலாம் எண்டு ஏஜென்சியில சொல்லுறாங்கள். 10 இடத்துக்குப் போகக்கூடிய ஒரு பாஸும் எடுக்கச் சொல்லுறாங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சமதரையில அரை மணித்தியாலம் நடப்பா, படிதான் கஷ்டம். கோணேசர் கோயிலுக்கும் கோட்டை வாசலில இருந்து நடக்க மாட்டா, மேல வரைக்கும் ஓட்டோதான். வெள்ளியில மரக்கறி. மகனுக்கு விண்வெளி எண்டா விசர்.

அந்தப் பாஸ் தேவையா? சுதந்திர தேவி சிலைக்கு உள்ள ஏறுறது பிரயோசனமா? வொஷிங்டனை ஒரு நாளில பாக்கலாமா? தெரிஞ்ச ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

நிலாவெளி_குவீன்ஸ்:

தம்பி, முதல்ல விமான டிக்கட். அதைப் போட்டாப் பிறகு மாத்துறது செலவு. நியூயோர்க்குக்குப் போய் அங்கயிருந்தே திரும்புற டிக்கட் எடுக்காதேங்கோ. கொழும்பில இருந்து டோஹா, டுபாய் வழியாப் போற பெரிய விமான சேவைகள் நியூயோர்க் ஜேஎஃப்கேக்கும் போகுது, வொஷிங்டன் டலஸுக்கும் போகுது. ஒன்லைனில "மல்ட்டி சிட்டி" எண்டதைத் தெரிஞ்செடுத்து, போறது ஜேஎஃப்கே, வாறது டலஸ் எண்டு போட்டுப் பாருங்கோ. அநேகமா விலை பெரிசா வித்தியாசப்படாது. நியூயோர்க்கில 4 இரவு, வொஷிங்டனில 2 இரவு. பஸ் டூரில ஒரு பக்கம் 4 முதல் 5 மணித்தியாலம் போகும், ஐ-95 நெடுஞ்சாலையில நெரிசல் எண்டா இன்னும் கூட. அம்மாவை ஒரே நாளில ஒம்பது, பத்து மணித்தியாலம் பஸ்ஸில இருத்தி வைச்சு, வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால படம் எடுத்துக்கொண்டு வாறதுதான் மிச்சம்.

திங்கள் இறங்கி, வெள்ளி காலை ரயிலில வொஷிங்டன், ஞாயிறு விமானம் எண்டு வைச்சா எல்லாம் சரியாப் பொருந்தும். ஏனெண்டா மெட் எண்டிற பெரிய கலை மியூசியம் புதன்கிழமை பூட்டு. வொஷிங்டன் ஹோட்டல்களில கிழமை நாளில உத்தியோக ஆக்கள் கூட, சனி ஞாயிறில விலை இறங்கும். ஆனா செரி மரங்கள் பூக்கிற காலத்தில அந்தக் கணக்கு சரிவராது. அது மார்ச் கடைசிக் கிழமைக்கும் ஏப்ரல் முதல் கிழமைக்கும் இடையில வாறது வழக்கம். உங்கட லீவு அதோட முட்டினா ஹோட்டலை இப்பவே போடுங்கோ.

ஜேஎஃப்கேயில இருந்து மான்ஹட்டனுக்கு மஞ்சள் டாக்ஸி நிலையான கட்டணம் 70 டொலர். சுங்கம், வேற சின்னக் கட்டணங்கள், டிப்ஸ் சேர்ந்தா 90, 100 வரும். ஏர்ட்ரெயின் எண்டிற விமான நிலைய ரயிலும் சப்வே எண்டிற நிலத்தடி ரயிலும் எடுத்தா ஆளுக்கு 11 டொலருக்கு மேல, நாலு பேருக்கு 45 தாண்டும், அதோட பெட்டிகளோட மாறி ஏறவேணும். உங்களுக்கு டாக்ஸிதான் சரி. வெளியில டாக்ஸி வரிசையில நிண்டு ஏறுங்கோ. உள்ளுக்கு வந்து "டாக்ஸி, டாக்ஸி" எண்டு கூப்பிடுறவங்களோட போகாதேங்கோ.

பாஸ் வேண்டாம். 10 இடத்தில உண்மையா நீங்கள் காசு குடுத்துப் போறது மூண்டோ நாலோ. பாஸ் இருந்தாலும் நல்ல இடங்களுக்கு நேரம் தனியாப் பதியத்தான் வேணும். பாஸ் எடுத்த ஆக்கள் காசு போகக்கூடாது எண்டு ஓடி ஓடி, விருப்பமில்லாத மெழுகுச் சிலை மியூசியம் எல்லாம் பாப்பினம்.

சிலைக்குப் போற நாளின்ர முதலாவது கப்பலைப் பதியுங்கோ, செவ்வாய் காலை. இலங்கைக்கும் நியூயோர்க்குக்கும் ஏப்ரலில ஒம்பதரை மணித்தியால வித்தியாசம். முதல் ரெண்டு நாளும் விடிய 4 மணிக்கே எழும்புவீங்கள், பின்னேரம் 6 மணிக்குக் கண் சொருகும். அதால காலை வேலைகளை முதல் நாளில வையுங்கோ. கோபுரத்தில ஏறி சூரியன் மறையிறதைப் பாக்கிற டிக்கட்டை முதல் ரெண்டு நாளுக்கும் எடுக்காதேங்கோ. அது மறையவே ஏழரை ஆகும்.

சிலைத் தீவுக்கு ஆக்களை இறக்க அனுமதி உள்ள கப்பல் நிறுவனம் ஒண்டே ஒண்டுதான்: ஸ்டாச்சூ சிட்டி க்ரூஸஸ். மான்ஹட்டனில பாட்டரி பூங்காவில இருந்து போகும். பெரியாக்களுக்கு 25 டொலர் அளவில, எலிஸ் தீவும் அதுக்குள்ள அடக்கம். பூங்கா வாசலில மேலங்கி போட்டுக்கொண்டு டிக்கட் விக்கிறவங்கள் தாற கப்பல் தீவில நிக்காது, சுத்திக் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டந்து விடும். சிலையின்ர கிரீடம் வரைக்கும் ஏற பீடத்துக்கு மேல 162 ஒடுங்கிய படி. அம்மாவுக்குச் சரிவராது, டிக்கட்டும் மாதக்கணக்கா முன்னமே முடிஞ்சிடும். தரை டிக்கட் போதும். 2019இல திறந்த சிலை மியூசியத்தில பழைய தீப்பந்தம் அசலா நிக்குது, அதுக்கும் தனிக்காசு இல்லை. கப்பல் ஏற முதல் விமான நிலையம் மாதிரிச் சோதனை இருக்கு, பழம் வெட்டுற சின்னக் கத்தியும் கொண்டு போகாதேங்கோ.

டச்பே_காத்து:

நிலாவெளி அண்ணை சொன்னதில ஒண்டுக்கு மட்டும் மறுப்பு. அம்மாவோட போறவைக்குச் சிலைத் தீவே தேவையில்லை. சோதனை வரிசை, கப்பல் வரிசை, திரும்பி வர இன்னொரு வரிசை எண்டு அரை நாள் போகும். அதே பாட்டரிக்குப் பக்கத்தில வைட்ஹோல் முனையத்தில ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரி இருக்கு. 24 மணித்தியாலமும் ஓடும், ஒரு பக்கம் 25 நிமிஷம், இலவசம். போகேக்க வலப்பக்கம் நில்லுங்கோ, சிலை அந்தப் பக்கம்தான். திரும்பி வரேக்க இடப்பக்கம். அங்க போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் இறங்கத்தான் வேணும், இறங்கித் திரும்ப ஏறலாம். இதுக்கும் டிக்கட் விக்கப் பாக்கிற ஆக்கள் வாசலில நிப்பாங்கள். காசு குடுக்காதேங்கோ.

இறங்கினதும் உடன திரும்ப வேண்டாம். முனையத்துக்குக் கிட்ட டொம்ப்கின்ஸ்வில் பகுதியில, விக்டரி புலவார்டு பக்கம் இலங்கைக் கடைகள் இருக்கு. சோறு கறி, கொத்து, அப்பம் எல்லாம் கிடைக்கும். அம்மாவுக்கு ஒரு நேரச் சாப்பாட்டுப் பிரச்சினை அதோட தீரும்.

டைம்ஸ் சதுக்கத்துக்கு இரவில போங்கோ, அரை மணித்தியாலம் தாராளம். பொம்மை உடுப்புப் போட்டவங்களோட படம் எடுத்தாக் காசு கேப்பாங்கள், கையில சிடியைத் திணிக்கிறவங்களும் அப்பிடித்தான். மகன்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

நிலாவெளி_குவீன்ஸ்:

தூரத்தில பாத்தாப் போதும் எண்டிற ஆக்களுக்கு ஃபெரி சரி. ஆனா 10 வயதுப் பிள்ளைக்குச் சிலைக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பாக்கிறது வேற. அதோட எலிஸ் தீவு: 1892 முதல் 1954 வரைக்கும் ஒரு கோடியே 20 லட்சம் பேர் குடியேறிகளா உள்ளுக்கு வந்த மண்டபம் அது. எனக்குச் சிலையை விட அதுதான் பெரிசு. முதல் கப்பலில போனா வரிசை குறைவு. மத்தியானத்துக்குப் பிறகு போறதெண்டா டச்பே சொன்னதுதான் சரி, ரெண்டு தீவும் பாக்க நேரம் வராது.

உவர்மலை:

அம்மாவின் முழங்காலை வைத்துத்தான் மற்றதையெல்லாம் திட்டமிட வேண்டும். எனவே போக்குவரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நியூயோர்க் சப்வேயில் 472 நிலையங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையங்களை மட்டும் கணக்கில் எடுங்கள். இறங்கும் நிலையத்தில் மட்டும் பார்ப்பது போதாது, ஏறும் இடத்திலும் வண்டி மாறும் இடத்திலும் பார்க்க வேண்டும். லிஃப்ட் இருந்தும் பழுதாகிக் கிடப்பது சாதாரணம். நகரப் போக்குவரத்து நிறுவனமான எம்டிஏயின் இணையத்தளத்தில் அன்றைய பழுதுப் பட்டியல் இருக்கும், காலையில் புறப்படுமுன் அதைப் பாருங்கள். சில நிலையங்களில் வடக்கே போகும் வண்டிக்கு ஒரு வாசல், தெற்கே போவதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசல். "அப்டவுன்", "டவுன்டவுன்" என்று வாசலில் எழுதியிருக்கும். பிழையான வாசலால் இறங்கினால் திரும்ப மேலே ஏறி, தெருவைக் கடந்து, மறுபடி காசு கட்ட வேண்டி வரும்.

பஸ்தான் அம்மாவுக்கு நல்லது. ஏறும் பக்கம் தாழ்ந்து கொடுக்கும், சாய்தளமும் உண்டு. மெட் மியூசியம் ஃபிஃப்த் அவெனியூவில் இருக்கிறது. அங்கிருந்து எம்1, எம்2, எம்3, எம்4 பஸ்கள் அதே தெருவில் தெற்கே இறங்கும். வடக்கே போக மடிசன் அவெனியூவில் ஏற வேண்டும். பார்த்து முடித்து வெளியே வந்து பஸ் ஏறினால் சென்ட்ரல் பூங்கா ஓரமாகவே ரொக்கஃபெல்லர் மையத்துக்குக் கிட்டப் போய் இறங்கலாம்.

கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 டொலர், பஸ்ஸுக்கும் சப்வேக்கும் ஒன்றுதான். 2 மணித்தியாலத்துக்குள் பஸ்ஸிலிருந்து சப்வேக்கோ, சப்வேயிலிருந்து பஸ்ஸுக்கோ ஒருமுறை இலவசமாக மாறலாம். பழைய மெட்ரோகார்ட் இப்போது விற்பதில்லை, கார்டைத் தட்டிக் கட்டணம் கட்டும் ஒம்னி முறைதான். 7 நாளுக்குள் ஒரே கார்டில் 35 டொலர் கழிந்துவிட்டால் மிச்சப் பயணங்கள் இலவசம். இந்தச் சலுகை ஒரு கார்டில் ஓர் ஆளுக்குத்தான். ஆகவே நாலு பேரும் ஒரே கார்டைத் தட்டாமல் ஆளுக்கொன்று எடுங்கள். இலங்கை வங்கிக் கார்டைத் தட்டினாலும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் போகலாம். நிலைய இயந்திரத்தில் ஒம்னி கார்ட் வாங்கிக் காசு போடுவது மேல். 112 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். உங்கள் மகன் அந்த உயரத்தைத் தாண்டியிருப்பார், முழுக் கட்டணம்தான்.

ஹோட்டலுக்கு மான்ஹட்டன் நடுவில் காசைக் கொட்ட வேண்டாம். குவீன்ஸில் லோங் ஐலண்ட் சிட்டி, கோர்ட் ஸ்குவயர் பக்கம் பாருங்கள். அங்கே 7ஆம் இலக்க வண்டி போகிறது. ஒரு பக்கம் கிராண்ட் சென்ட்ரல், டைம்ஸ் சதுக்கம். மறுபக்கக் கடைசி நிலையம் ஃப்ளஷிங். இந்த மூன்றிலும் லிஃப்ட் உண்டு. விளம்பரத்தில் போடும் அறை வாடகைக்கு மேல் 14.75 வீதம் வரியும், இரவுக்கு மூன்றரை டொலரும் சேரும்.

ஃப்ளஷிங்கில் பௌன் வீதியில் 1977இல் கும்பாபிஷேகம் கண்ட மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. கீழ்த்தளத்துக் கன்ரீனில் தோசை, இட்லி, பொங்கல் எல்லாம் மரக்கறிதான். நிலையத்திலிருந்து நடக்க 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும், அம்மாவுக்கு பஸ் எடுங்கள்.

மியூசியங்களில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். "எனக்கென்ன நடக்க ஏலாதா" என்று அம்மா மறுப்பார். வாங்கித் தள்ளிக்கொண்டே போங்கள், ஒரு மணித்தியாலத்தில் தானே இருப்பார்.

நிலாவெளி_குவீன்ஸ்:

உவர்மலை அக்கா சொன்னதோட, காசு கட்டுற இடங்கள் பற்றிக் கொஞ்சம்.

மெட்: பெரியாக்கள் 30, 65 வயதுக்கு மேல 22, 12 வயதுக்குக் கீழ இலவசம். உங்கள் நாலு பேருக்கு 82 டொலர். "விரும்பினதைக் குடுக்கலாம்" எண்டு இணையத்தில எழுதிக் கிடக்கிறது நியூயோர்க் மாநில ஆக்களுக்கும் அக்கம்பக்கத்து மாணவர்களுக்கும்தான். எங்கட புறாத்தீவில உள்ளூர் ஆக்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை மாதிரித்தான் இதுவும், இங்க வெளிநாட்டார் நாங்கள். எகிப்திலிருந்து கல் கல்லாக் கழட்டிக் கொண்டுவந்து நிறுத்தின டெண்டூர் கோயிலை மகனுக்குக் காட்டுங்கோ. அம்மாவுக்குச் சோழர் காலத்து வெண்கலப் பார்வதி. முழுசாப் பாக்க வெளிக்கிட்டா ரெண்டு நாள் காணாது, மூண்டு மணித்தியாலத்தில வெளியில வாங்கோ. இது வியாழன்.

புதனுக்கு இயற்கை வரலாற்று மியூசியம். நாலாம் மாடியில டைனோசர், கீழ 94 அடி நீலத்திமிங்கல உருவம். பெரியாக்களுக்கு அங்கயும் 30.

கோபுரம் ஒண்டு மட்டும். என்ர தெரிவு ரொக்கஃபெல்லர் மையத்தில இருக்கிற டொப் ஒஃப் த ரொக், 70ஆம் மாடி. எம்பயர் ஸ்டேட்டில ஏறினா எம்பயர் ஸ்டேட்டைப் பாக்க ஏலாது, இங்கயிருந்து அதுவும் தெரியும், மற்றப் பக்கம் சென்ட்ரல் பூங்காவும் தெரியும். முகில் மூடினாக் காசு திருப்பித் தர மாட்டினம். அதால மாதக்கணக்கா முன்னுக்குப் பதியாமல், போறதுக்கு முந்தின இரவு வானிலையைப் பாத்துப்போட்டு எடுங்கோ. சூரியன் மறையிற நேரத்துக்கு விலை கூட. நாலரை மணியளவில போனா விலையும் கூட்டமும் குறைவு.

இன்ட்ரெபிட் கப்பல் மியூசியத்துக்குப் போகாதேங்கோ. விண்வெளி ஓடம் இருக்கு எண்டு மகன் கேப்பான், ஆனா அங்க நிக்கிற என்டர்பிரைஸ் சோதனை ஓட்டத்துக்குச் செய்தது, விண்வெளிக்கே போகேல்ல. உண்மையாப் போய் வந்த டிஸ்கவரி வொஷிங்டன் பக்கம் நிக்குது, அதைப் பாக்க டிக்கட்டும் இல்லை.

9/11 நினைவிடத்தின்ர ரெண்டு நீர்க்குளமும் இலவசம். பெயர் வெட்டின வெண்கலத் தகட்டைச் சுத்தி நடந்தாப் போதும், உள் மியூசியம் 10 வயதுக்குக் கனம். சிலையிலிருந்து திரும்பி சவுத் ஃபெரியில 1ஆம் இலக்க வண்டி ஏறினா ரெண்டாவது நிலையத்தில இறங்கலாம், ரெண்டு பக்கமும் லிஃப்ட் உண்டு. புரூக்ளின் பாலம் 1.8 கிலோமீற்றர், நடுவில இருந்து இறங்க வழி இல்லை. அம்மாவை விட்டுப்போட்டு நீங்கள் மட்டும் போங்கோ, ஹை ஸ்ட்ரீட் நிலையத்தில இறங்கி புரூக்ளின் பக்கத்திலயிருந்து மான்ஹட்டனைப் பாத்து நடக்கவேணும்.

சப்வேயில கழிப்பறையை நம்பாதேங்கோ. 42ஆம் வீதியில பிரயன்ட் பூங்கா கழிப்பறை துப்புரவு, பக்கத்துப் பொது நூலகத்திலயும் இருக்கு.

சிவப்புக்கோடு:

வொஷிங்டன் பகுதி நான் சொல்கிறேன்.

ரயில் அம்ட்ராக். நியூயோர்க்கின் மொய்னிஹான் மண்டபத்திலிருந்து வொஷிங்டன் யூனியன் ஸ்டேஷன் வரை நோர்த்ஈஸ்ட் ரீஜனல் வண்டியில் மூன்றரை மணித்தியாலம். விமானம் போலவே விலை ஏறி இறங்கும், முன்கூட்டி எடுத்தால் மலிவு. எந்த மேடை என்று புறப்படக் கால் மணித்தியாலம் இருக்கும்போதுதான் போடுவார்கள், உடனே எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். அம்மாவுக்கு உதவி வேண்டும் என்று டிக்கட் எடுக்கும்போதே பதிந்தால் முன்னதாக ஏற்றிவிடுவார்கள்.

வொஷிங்டன் மெட்ரோவில் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. அந்த வகையில் அம்மாவுக்கு நியூயோர்க்கை விட இந்த நகரம்தான் சுகம். ஆனால் நினைவகங்களும் மியூசியங்களும் வரிசையாக நிற்கும் நஷனல் மோல் என்ற நீண்ட வெளி ஏமாற்றும். படத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற கட்டடங்கள், நாடாளுமன்றக் கட்டடமான கப்பிட்டலிலிருந்து லிங்கன் நினைவகம் வரை 3 கிலோமீற்றர், நிழலும் குறைவு. பழைய வழிகாட்டிகளில் சேர்க்குலேட்டர் பஸ் என்று இருக்கும். அது 2024 முடிவோடு நின்றுவிட்டது. மியூசியங்களைப் பகலில் பாருங்கள். லிங்கனுக்கு இரவில் டாக்ஸியில் போங்கள், 24 மணித்தியாலமும் திறந்திருக்கும், மேலே போக லிஃப்டும் உண்டு.

வொஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் மியூசியங்கள் எல்லாம் இலவசம். வான்-விண்வெளி மியூசியத்துக்கு நேரம் குறித்த இலவச அனுமதிச்சீட்டு ஒன்லைனில் எடுத்து வையுங்கள், முன்னமே முடிந்துவிட்டால் அன்று காலை திரும்பப் பாருங்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானம், அப்பல்லோ 11 கொலம்பியா கலம் இரண்டும் அந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை. இயற்கை வரலாற்று மியூசியத்தில் 45.52 கரட் ஹோப் வைரம், சீட்டு வேண்டாம். நியூயோர்க்கில் டைனோசர் பார்த்தாயிற்று என்றால் வைரத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். ஆசியக் கலை மியூசியத்தில் செம்பியன் மாதேவியின் வெண்கலச் சிலை, 10ஆம் நூற்றாண்டு. அங்கே கூட்டமே இருக்காது, அம்மா ஆறுதலாக இருந்து பார்க்கலாம்.

ஒரு விஷயம்: அமெரிக்க அரசாங்கச் செலவுக்கு நிதி நிறைவேறாமல் போனால் ஸ்மித்சோனியன் மூடப்படும். 2025 ஒக்டோபரில் அப்படி நடந்தது. புறப்படுமுன் செய்தி பாருங்கள்.

உப்புவெளிக்காரன்:

அண்ணைமாருக்கும் அக்காவுக்கும் பெரிய நன்றி. டிக்கட்டை மல்ட்டி சிட்டியில பாத்தன், விலை கிட்டத்தட்ட ஒண்டுதான். இன்னும் ரெண்டு கேள்வி. அம்மா கறித்தூள், கருவாடு, கறிவேப்பிலை கட்டப் பாக்கிறா, விடுவாங்களா? டிஸ்கவரி எங்க நிக்குது, ஞாயிறு விமானத்துக்கு முதல் பாக்க ஏலுமா?

உவர்மலை:

கறித்தூள் கொண்டுபோகலாம். கருவாட்டையும் நன்றாகப் பொதி செய்து, கேட்கும் இடத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பிரச்சினை வராது. பச்சைக் கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சை இனத்து மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் என்று தடை செய்திருக்கிறார்கள். மாம்பழமும் இறைச்சியும் வேண்டாம். மறைத்துப் பிடிபட்டால்தான் தண்டம், சொன்னால் எடுத்து வீசுவதோடு முடியும்.

ஏப்ரலில் காலை 7 பாகை, மதியம் 16 பாகை மட்டில் இருக்கும். ஒரு தடித்த கோட்டுக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள். மியூசியத்துக்குள் சூடு போட்டிருப்பார்கள், கழற்ற வேண்டி வரும். மின்சாரம் 120 வோல்ட். போன் சார்ஜருக்கு தட்டைக் கால் பிளக் மாற்றி போதும், இங்கிருந்து கேத்தில் கொண்டுபோனால் தண்ணீர் கொதிக்க யுகம் எடுக்கும்.

சாப்பாட்டுக் கடையில் மெனு விலைக்கு மேல் நியூயோர்க்கில் 8.875 வீத வரி, அதற்கு மேல் 18 முதல் 20 வீதம் டிப்ஸ். பில்லில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். நின்று வாங்கும் கடையில் திரை டிப்ஸ் கேட்டால் "இல்லை" என்று அமத்தலாம்.

சிவப்புக்கோடு:

டிஸ்கவரி நிற்பது உட்வார்-ஹேஸி மையத்தில், டலஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. 39 முறை விண்வெளிக்குப் போய் வந்தது. கொன்கோர்ட் பயணிகள் விமானமும் எஸ்ஆர்-71 உளவு விமானமும் அதே மையத்தில் நிற்கின்றன. நுழைவு இலவசம், கார் நிறுத்த 15 டொலர், பின்னேரம் 4 மணிக்குப் பிறகு அதுவும் இல்லை. 10 மணி முதல் ஐந்தரை வரை. சாய்தளங்கள் உண்டு, அம்மாவுக்குத் தோதான இடம்.

திருகோணமலை ஆட்களுக்கு இன்னொன்று: 1956இல் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்ட விண்வெளிக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் கடிதங்களும் குறிப்புகளும் அந்தக் கட்டடத்து ஆவணக் காப்பகத்தில்தான் உள்ளன. காட்சிக்கு வைத்திருக்கவில்லை, ஆய்வாளர்கள் பதிந்து போய்ப் பார்க்கலாம்.

சிக்கல் பெட்டிகள்தான். பெரிய பெட்டிகளோடு உள்ளே விடமாட்டார்கள். காரோடு வந்து நிற்க உறவினர் யாராவது இருந்தால் பெட்டிகளைக் காரிலேயே வைத்துவிட்டு 10 மணிக்குப் போய், இரண்டு மணித்தியாலம் பார்த்து, நேரே விமான நிலையம் போகலாம். விமானம் காலையில் என்றால் இது நடக்காது, அப்படியென்றால் சனி பின்னேரத்துக்கு மாற்றுங்கள். யாரும் இல்லையென்றால் சனி காலை வெறுங்கையோடு டாக்ஸியில் போய் வாருங்கள். நகரத்திலிருந்து 45 கிலோமீற்றர் அளவு, நாலு பேருக்குப் பிரித்தால் தாங்கும்.

உப்புவெளிக்காரன்:

விமானம் இரவு. மாமா ஒராள் வேர்ஜீனியாவில இருக்கிறார், கார் இருக்கு. அப்ப ஞாயிறு 10 மணி.